கேட் பாஸ் இல்லாத உடும்பு

செக்யூரிட்டி வேலை என்றால் திருடனைப் பிடிப்பது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது வருவதையும் போவதையும் எழுதுகிற வேலை. உங்களில் யாராவது ஒரு கம்பெனி கேட்டில் யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். லாரி வந்தால் எழுது, லாரி போனால் எழுது. முதலாளியின் மச்சான் வந்தால், எழுதினாலும் திட்டு, எழுதாவிட்டாலும் திட்டு.

என் பெயர் ஸ்டெல்லா. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் குழாய் செய்கிற ஒரு கம்பெனியில் ஒன்பது வருடமாகப் பகல் ஷிஃப்ட் கேட். வீடு சைக்கிளில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம்தான் என் சொத்து. என் வீட்டுக்காரர் சேவியர் எளாவூரில் லாரி மேலிருந்து விழுந்து இடுப்பு போனவர். மதியம் நான் போய்த் தூக்கி உட்காரவைத்துச் சோறு கொடுத்துவிட்டு வர வேண்டும். அதனால் இந்தக் கேட்டை விட்டு என்னை வேறு எங்கும் மாற்றிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் என் ஜெபம். அதில்தான் ஒரு உடும்பு வந்து மண் அள்ளிப் போட்டது.

மொசலி

நெல்லூர்ப் பக்கத்திலிருந்து பழைய இரும்பு ஏற்றிவந்த லாரி எடைமேடைக்கு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி வந்து பேப்பர் காட்ட வேண்டும். அவர் இறங்கவில்லை. இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "மொசலி! மொசலி!" என்று கத்தினார். எல்லையோரத்தில் பிறந்தவளுக்குத் தெலுங்கில் முதலைக்கு என்ன பெயர் என்று தெரியும். லத்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

முதலை இல்லை, உடும்பு. மழைநீர்க் கால்வாயின் சிமென்ட் மூடி மேல் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மூக்கிலிருந்து வால் வரை என் லத்தியைப் போல ஒன்றரை மடங்கு நீளம். காய்ந்த சேற்றின் நிறம். உடம்பெல்லாம் கடுகு தாளித்துக் கொட்டியது போலக் கறுப்புப் புள்ளிகள். கழுத்தில் சுருங்கித் தொங்கும் தோல், விரலுக்கு விரல் கொக்கி நகம். வால் நுனி எப்போதோ அறுந்து மொட்டையாக இருந்தது. நீலம் பாய்ந்த நாக்கை இரண்டாகப் பிளந்து நீட்டி நீட்டி இழுத்தது.

லத்தியால் தரையைத் தட்டினேன். அது ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. ஒன்பது வருட சர்வீசுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். பின்னால் எட்டு லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. டிரைவர் ஜன்னலை முக்கால்வாசி ஏற்றிவிட்டு, மிச்ச இடைவெளியில் வாயை வைத்துக் கத்தினார்: "மொதல்ல அது உங்க ஸ்டாஃபா, விசிட்டரா, அத்தச் சொல்லும்மா!"

வந்த நோக்கம்

எங்கள் பிளான்ட் மேனேஜர் வரதன் சார் சென்னையிலிருந்து காரில் வருபவர். "கேட்டுக்குள்ள எது வந்தாலும் ரெஜிஸ்டர்ல இருக்கணும்" என்பது அவருடைய மந்திரம். ரெஜிஸ்டரில் பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அச்சடித்திருக்கும். தாளைக் கிழிக்க முடியாது. எழுதியதை அடித்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் காரணம் சொல்ல வேண்டும். ஆடிட் செய்ய வருகிறவர்கள் முதலில் கேட்பதே அந்தப் புத்தகத்தைத்தான்.

உடும்பு விஷயம் காதுக்குப் போனதும் கேபினுக்கு வந்தார். "இது எப்போ உள்ள வந்தது? என்ட்ரி எங்கே?" எனக்குச் சுரீரென்று ஏறியது. அவர் கண் முன்னாலேயே பேனாவை எடுத்து எழுதினேன். பெயர்: உடும்பு. எங்கிருந்து: பின்பக்க ஏரிக் கால்வாய். யாரைப் பார்க்க: தெரியவில்லை. வந்த நோக்கம்: வெயில் காய. இன்-டைம்: 9.10.

சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொரு கட்டமாக விரலை ஓட்டிக்கொண்டே போய்க் கடைசிக் கட்டத்தில் நிறுத்தினார். "அவுட்-டைம் எங்கே ஸ்டெல்லா?"

கயிறு

எங்களை வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சியின் ஃபீல்டு ஆபீசர் பத்மநாபன் திருவள்ளூரிலிருந்து மாதத்துக்கு ஒரு முறை ஸ்கூட்டரில் வருவார். அந்த மாதம் இரண்டாவது முறையாக வந்தார். மேனேஜர் போன் செய்திருக்கிறார்.

"இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சு, உன்னைய ஊத்துக்கோட்டை குடோனுக்கு மாத்திடுவேன்" என்றார். ஊத்துக்கோட்டை என்றால் இரண்டு பஸ், அதற்கப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ. மதியம் வீட்டுக்கு வருவது பற்றிக் கனவுகூடக் காண முடியாது. உடும்பு வந்ததற்கு நான் எப்படி சார் பொறுப்பு, சுவர் இருக்கிறது, கால்வாய் இருக்கிறது, அது என்னைக் கேட்டா வருகிறது என்று பொரிந்து தள்ளினேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துத் திருடர்கள் உடும்பின் இடுப்பில் கயிறு கட்டி மதிலுக்கு மேல் வீசி, அது பிடித்துக்கொண்டதும் கயிற்றைப் பற்றி ஏறுவார்கள் என்று ஒரு கதை உண்டல்லவா, அது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

குரலைத் தாழ்த்தி, மிகவும் சீரியஸாகக் கேட்டார்: "இடுப்புல கயிறு கியிறு கட்டிக்கினு இருந்துதா, நல்லா பாத்தியா?"

சாம்பார் வாளி

முருகேசன் எங்கள் கேன்டீன் மாஸ்டர். ஒரு வாரமாக முட்டை குறைகிறது என்று கேட்டுக்கு வந்து சண்டை பிடித்தார். கடைசியில், "உன் டிபன் பாக்ஸைத் தொற, பாக்கறேன்" என்று என்னிடமே கேட்டுவிட்டார். ஒன்பது வருடமாக மற்றவர்களின் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னவள் நான். என் டிபன் பாக்ஸை ஒருவர் திறந்து பார்த்த அன்றுதான் அது எப்படிச் சுடும் என்று தெரிந்தது. உள்ளே நாஷ்டாவுக்குக் கொண்டுவந்த இரண்டு இட்லி இருந்தது.

மறுநாள் காலை அவரே அலறியடித்துக்கொண்டு ஓடி வந்து என்னைக் கூட்டிப் போனார். பின்கதவுப் பக்கம் முட்டை அட்டைக்குள் உடும்பின் தலை. ஒரு முட்டையை வாயில் கவ்வித் தலையை மேலே தூக்கி இரண்டு உலுக்கு உலுக்கியது. முட்டை கழுத்து வழியாக உருண்டு இறங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. அதன் பிறகு நான் அதைக் கவனிக்க ஆரம்பித்தேன், வேறு வழியில்லை. கால்வாயில் தவளை, நண்டு, நத்தை. குப்பையைக் கிளறி வண்டு. ஸ்டோர் ரூமில் எலி. ஏரியிலிருந்து ஒதுங்கிய செத்த மீன்கூட விடாது. இது வேண்டும் இது வேண்டாம் என்கிற பேச்சே கிடையாது.

ஆனால் அன்று முருகேசன் முட்டைக்காக வருத்தப்படவில்லை. அடுப்படியைக் காட்டிக் கிட்டத்தட்ட அழுகிற குரலில் சொன்னார்: "நம்ம சாம்பாரு வாளி தொறந்தேதான் கீதுக்கா, அத்த எட்டிக்கூட பாக்கல பாரு!"

கை வந்தால் போதும்

என்னைச் சந்தேகப்பட்டது முருகேசன் மனதை அரித்திருக்கிறது. அதைச் சரிசெய்ய அவர் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். உடும்பு எண்ணெய் தேய்த்தால் இடுப்பு நிமிரும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஆளாளுக்கு என்னிடம் சொல்லிவிட்டார்கள், "மருந்தைக் கேட்ல வெச்சுக்கினு புருசன ஊட்ல படுக்க வெச்சுக்கிறியே" என்று. அதைப் பிடித்தாலே ஜெயில், கொன்றால் சொல்லவே வேண்டாம் என்று நான் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே!

ஒரு நாள் காலை கால்வாய்க் குழாய்க்குள் முழங்கை வரை கையை விட்டு முருகேசன் அதன் வாலைப் பிடித்துவிட்டார். உள்ளே அது உடம்பை உப்பவைத்துக் குழாயை அடைத்துக்கொண்டு குக்கர் மாதிரி சீறியது. நகத்தைப் பதித்துக்கொண்டதால் வெளியேயும் வரவில்லை. விடுங்கள் என்றால், "உட்டா பூடும்க்கா" என்கிறார். கால் மணி நேரம் இப்படியே போனது. அப்புறம் அது திரும்பிப் புறங்கையில் ஒரு கீறு கீறி, விடுபட்ட வாலால் சாட்டை போல ஒரு வீசு வீசியது. உடும்பு வேண்டாம், கை வந்தால் போதும் என்கிற பழமொழியைச் சொன்னவன் நிச்சயமாக முருகேசனைப் போல ஒருவனைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

தடுப்பூசி போட்டு அழைத்துவந்து விபத்து ஃபாரத்தை எடுத்தேன். "காரணம் இன்னா எழுதறது?" என்று எரிந்து விழுந்தேன். கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க ஊட்டுக்காரரு எழுந்து நடப்பாருன்னுதான் உட்டேன்க்கா கைய."

அதற்கு மேல் எப்படித் திட்டுவது? மதியம் வீட்டுக்குப் போய் சேவியரிடம் சொன்னேன். அவருக்கும் அந்த எண்ணெய் மேல் ஒரு ஆசை இருந்தது எனக்குத் தெரியும். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இடுப்பு போனா போவட்டும். நீ உள்ள போயிட்டா எனக்குச் சோறு யாரு குடுப்பா?"

எங்கே ஓடும்

மனோஜ் பீகார்க்காரர். குழாய் வெட்டுகிற மூன்றாவது லைன். நாலு வருடத்தில் நம் தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர். உடும்பைப் பார்த்ததிலிருந்து அவரும் அவர் ஊர்க்காரர்கள் ஐந்து பேரும் கால்வாய்ப் பக்கம் வராமல் ஷெட்டை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வேலைக்குப் போனார்கள். தினமும் பஞ்ச் லேட். மேனேஜர் அதற்கும் என்னைத்தான் கேட்டார்.

"அக்கா, எங்க ஊர்ல இதுக்குப் பேரு பிஷ்கோப்ரா. மூச்சு விட்டா ஆள் காலி" என்றார் மனோஜ். அதற்கு விஷம் கிடையாது, அதைச் சீண்டாமல் இருந்தால் அதுவும் சீண்டாது, முருகேசன் கீறல் வாங்கியும் உயிரோடு பரோட்டா போட்டுக்கொண்டிருக்கிறாரே என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முருகேசன் ஏன் கையை விட்டார் என்று கேட்டார். எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். மனோஜ் கால்வாயைக் கை காட்டிக் கேட்டார்:

"எங்க ஊர்ல விஷம்ன்னு ஓடறான். உங்க ஊர்ல மருந்துன்னு தொரத்தறான். உடும்பு எங்கக்கா ஓடும்?"

அதன் வீடு

நானே வனத்துறைக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் சாக்கோடு குனிந்தார், சின்னவர் கழுத்தையும் வாலையும் ஒரே நேரத்தில் அமுக்கினார். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் புதர்க்காட்டில் விட்டுவிடுவதாகச் சொல்லி எடுத்துப் போனார்கள். ரெஜிஸ்டரில் ஆசை ஆசையாக அவுட்-டைம் எழுதினேன். நாலு நாள் நிம்மதியாகச் சோறு இறங்கியது.

ஐந்தாம் நாள் காலை கால்வாய் மூடி மேல் அதே மொட்டை வால். வந்த கோபத்தில் போனில் கத்தினேன். இந்த முறை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பக்கம் பெரியவர் கொட்டாவி விட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "அதோட ஊடே அதான்மா. நீங்கதான் அது ஊட்ல கேட்டு போட்டு உக்காந்துக்கினு கீறீங்க."

பதினோரு மணி கேமரா

பின்சுவரை ஒட்டி என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கரையான் புற்று. பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றியிருந்தார்கள். வள்ளிதான் அவர்களுக்குத் தலைவி. வெள்ளிக்கிழமை வேலைக்கு வரும்போது ஒரு முட்டையும் கொட்டாங்குச்சியில் பாலும் வைத்துவிட்டுப் போவார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவள். கேஸ் சிலிண்டர் பக்கத்தில் கற்பூரம் ஏற்றாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

என் கேபினில் புற்றின் முன்பக்கத்தைக் காட்டுகிற ஒரு கேமரா உண்டு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மொட்டை வால் ஆடி ஆடி நடந்துவரும். நாக்கால் முட்டையைத் தடவிப் பார்க்கும். கவ்வும், தலையைத் தூக்கும், இரண்டு உலுக்கு. பிறகு புற்றின் மேலேயே சாய்ந்து ஒரு தூக்கம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வள்ளியின் மகள் நர்சிங் படிப்பில் சேர்ந்ததே அந்தப் புற்றுக்கு வேண்டிக்கொண்டதால்தான் என்று அவள் நம்புகிறாள். ஒரு உடும்பு தின்றதைச் சொல்லி அவள் முகத்தை வாடவைக்க எனக்கு மனசில்லை. சொல்லாமல் இருப்பதும் நெஞ்சில் உறுத்தியது. மாலையில் வீட்டுக்குப் போகும்போது வள்ளி கேபின் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சொல்வாள்: "ஓடுகூட வெக்காம அம்மா எடுத்துக்கினா பாரு ஸ்டெல்லா!"

ரெஜிஸ்டரில் இல்லாதது

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் ரவுண்டு போனபோது புற்றின் பின்பக்கம் மண் தெறித்துக்கொண்டிருந்தது. கேமராவுக்குத் தெரியாத பக்கம். மொட்டை வால் முன்னங்காலால் தோண்டிக்கொண்டிருந்தது. நான் பழைய டிரம்முக்குப் பின்னால் நின்றேன். குழி ஆழமானதும் திரும்பிப் பின்பக்கத்தை உள்ளே இறக்கி அசையாமல் இருந்தது. அப்போதுதான் அது பெண் என்றே எனக்கு உறைத்தது. வெள்ளை வெள்ளையாக இரண்டு மூன்று முட்டை என் கண்ணிலேயே பட்டது. முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் குத்திக் குத்தி இறுக்கியது. அத்தோடு விட்டதா? பக்கத்தில் இன்னும் இரண்டு குழி தோண்டி, ஒன்றும் வைக்காமலே அவற்றையும் மூடியது. திருடனை ஏமாற்ற. எங்கள் ஏஜென்சியில் ஒருவருக்கும் இந்த மூளை கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் என்று கேட்காதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு லாரிகள் எழுதாமலே உள்ளே போய்விட்டன.

அந்தப் புற்று இருக்கிற இடத்தில்தான் இரண்டாவது எடைமேடை வரப்போகிறது. மேனேஜரிடம் ஓடினேன். "சார், புத்துக்குள்ள முட்டை கீது. சட்டப்படி அத்தத் தொடக் கூடாது."

வரதன் சார் தலையைத் தூக்கவில்லை. "ரெஜிஸ்டர்ல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ இல்ல."

பிரசவம்

திரும்பி வந்து ரெஜிஸ்டரைத் திறந்தேன். தேதி போட்டு, நேரம் போட்டு, "உடும்பு புற்றின் பின்பக்கம் முட்டை இட்டு மூடியது, நான் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நம்பர் அச்சடித்த பக்கம். இனி ஆடிட்டர் கண்ணில் படாமல் போகாது.

மறுநாள் மேனேஜர் அதைப் படித்துவிட்டு ஒரு கம்பியோடு நேராகப் புற்றுக்குப் போனார். ஒரு குழியைக் கிளறினார். ஒன்றும் இல்லை. இன்னொன்றைக் கிளறினார். மண்தான். மூன்றாவது குழியைக் காட்டினால் கம்பி முட்டையிலேயே இறங்கும், நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் பேக்கிங் பெண்கள் கூச்சல் போட, கம்பியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார். சாயந்திரம் எனக்கு மெமோ: பொய் என்ட்ரி. செக்யூரிட்டி வேலையில் இதைவிடப் பெரிய அசிங்கம் கிடையாது, உங்களுக்கே தெரியும். தூங்கினான் என்று போடலாம், லேட் என்று போடலாம். பொய் எழுதினாள் என்று போட்டால் எந்தக் கேட்டிலும் சேர்க்க மாட்டார்கள். ஒன்பது வருடத்தில் ஒரு லாரி நம்பரைக்கூட மாற்றி எழுதியதில்லை நான். அன்று சைக்கிள் மிதிக்கும்போது அழுதுகொண்டே போனேன்.

பத்மநாபன் ஊத்துக்கோட்டை ஆர்டரோடு வந்தார். மெமோவை இரண்டு முறை படித்தார், என்னைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒழுங்கா லாரி எழுதிக்கினு இருந்தே. உனக்கு எதுக்கும்மா பிரசவம் எழுதற வேல?"

காலும் வாலும்

மேனேஜருக்குப் புற்றை எடுத்தாக வேண்டும். ஜே.சி.பி. டிரைவரோ குங்குமம் வைத்த புற்றில் கை வைக்க மாட்டேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கடைசியில், பழைய கேமரா பதிவுகளை ஓட்டிப் பார்த்த சாருக்கு ஒரு யோசனை. வெள்ளிக்கிழமைப் பதிவை என்னிடம் வாங்கிக் கேன்டீன் டி.வி.யில் போட்டு, பேக்கிங் பெண்கள் அத்தனை பேரையும் உட்காரவைத்தார். டி.வி.யில் மொட்டை வால் வந்தது, முட்டையைக் கவ்வியது, இரண்டு உலுக்கு. நான் வள்ளியின் முகத்தைப் பார்க்கப் பயந்து சாம்பார் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பார்த்தீங்களா? அம்மனும் இல்ல, பாம்பும் இல்ல. உடும்பு!" என்றார் மேனேஜர்.

வள்ளி எழுந்தாள். கொஞ்சமும் பதறவில்லை. "இத்தக் காட்டவா சார் வேலைய நிறுத்தனீங்க? மண்ணுல வாலு இழுத்த கோடு கீது, ரெண்டு பக்கமும் நகம் பதிஞ்சு கீது. பாம்புக்கு ஏது சார் காலு? கழனில பொறந்து வளந்தவங்க நாங்க, எங்களுக்கு மொத வெள்ளிக்கெழமையே தெரியும்."

"தெரிஞ்சுமா முட்டை வைக்கறீங்க?" மேனேஜருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அம்மா ஊட்டு வாசல்ல வெக்கறோம், பசிச்சது துன்னுட்டுப் போவுது. நீங்க கேன்டீன்ல துன்ற சோத்துல உங்க பேரா எழுதிக் கீது?"

ஆள் கிடைக்கவில்லை

புற்று நின்றது. என் மெமோவும் அப்படியே ஃபைலில் நின்றது. ஊத்துக்கோட்டைக்கு நான் போக வேண்டுமென்றால் என் நாற்காலியில் இன்னொருவர் உட்கார வேண்டும், அங்கேதான் சிக்கல். முதலில் வந்த ஆள் பழைய போலீஸ் மாதிரி மீசை வைத்திருந்தார். டீ டைமில் உடும்பு பின்னங்காலில் எழுந்து நின்று கேபின் ஜன்னலைப் பார்த்தது. மீசை அப்போதே பஸ் ஏறிவிட்டது. இரண்டாவது ஆள் ஒரு முழு நாள் தாங்கினார். மூன்றாவது வந்த பெண் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, அது எப்போது போகும் என்று கேட்டாள். அது போகாது, நான்தான் போகப்போகிறேன் என்றேன். அவளும் போய்விட்டாள்.

மாதங்கள் ஓடின. ஒவ்வொரு மாதமும் பத்மநாபன் அதே ஆர்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார், ஆள் இல்லாமல் திரும்பிப் போவார். தாள் மடித்த இடத்தில் கிழிந்தே போனது. நாலாவது முறை என் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு முனகினார்: "பேஜாரும்மா. பேசாம அதுக்கே யூனிபார்ம் குடுத்துடலாமா?"

அவுட்-டைம்

பங்குனியில் ஒரு ராத்திரி கோடை மழை பெய்தது. காலையில் வெயில் வந்ததும் ரவுண்டு போனேன். புற்றின் பின்பக்கம், எனக்கு மட்டும் தெரிந்த அந்த மூன்றாவது இடத்தில் ஈர மண் விரிந்து ஒரு ஓட்டை. அதிலிருந்து என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு தலை, உடம்பு, வால். தாயைப் போல மண் நிறம் இல்லை. மஞ்சள் புள்ளியும் கறுப்புப் பட்டையுமாகப் புதுப் புடவை மாதிரி இருந்தது. பின்னாலேயே இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் ஏரிக் கால்வாயைப் பார்த்து ஓட ஆரம்பித்தன. நடுவில் கேட் ரோடு.

சரியாக அப்போது மேனேஜரின் கார். நான் ஓடிப்போய்த் தடுப்புக் கம்பத்தை இறக்கினேன். சார் ஹாரன் அடித்தார். பின்னால் இரண்டு லாரிகளும் அடித்தன. நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, குட்டிகள் ரோட்டைத் தாண்டுவதை ஒவ்வொன்றாக எண்ணினேன். மனோஜ் அவற்றுக்கு இரண்டடி தள்ளி நின்று எதிரே வந்த ஃபோர்க்லிஃப்டை மறித்துக்கொண்டிருந்தார். வள்ளி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பதினோராவதும் கால்வாய்க்குள் இறங்கிய பிறகு ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு கார் ஜன்னலுக்குப் போனேன். ஆடி மாதப் பக்கத்தைத் திறந்து, பொய் என்று அவர் சொன்ன வரியின் மேல் விரலை வைத்தேன். "சரிபார்த்தவர்" என்று ஒரு கட்டம் உண்டு. அது எட்டு மாதமாகக் காலியாக இருந்தது.

வரதன் சார் கால்வாயைப் பார்த்தார், வரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மத்தியானத்துக்குள் மெமோவை என் ஃபைலிலிருந்து எடுத்துவிட்டார் என்று பிறகு பத்மநாபன் சொல்லித் தெரிந்தது. நான் அங்கேயே நின்றபடி அன்றையப் பக்கத்தைத் திருப்பி, பதினோரு வரியில் பதினோரு அவுட்-டைம் எழுதி நீட்டினேன். சார் பழக்கத்தில் ஒவ்வொரு கட்டமாக விரலை ஓட்டினார், நடுவில் ஒரு கட்டம் வரிசையாகக் காலியாக இருப்பதைப் பார்த்தார், குரல் தானாகவே உயர்ந்தது: "இன்-டைம் எங்கே ஸ்டெல்லா?"

கேட்டில் உட்கார்ந்து தேய்ந்த மக்களே, உள்ளே வராமலே வெளியே போன பதினோரு பேரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், மொட்டை வால் மறுபடியும் புற்றுப் பக்கம் மண்ணை முகர்ந்துகொண்டு சுற்றுகிறது.